ஓ.டி. பார்க்க மாட்டோம் - பிரிட்டன் ஆம்புலன்ஸ்காரர்களின் ஆறு மாதம்

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கதையின் கடைசிப் பக்கம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். கல்லூரியில் சாப்ட்வேர் இன்ஜினியரிங் என்று ஒரு பேப்பர் உண்டல்லவா? அதில் படுத்துப்போன மென்பொருள்கள் என்று ஒரு பாடம் வரும். ஏரியான் ராக்கெட் வெடித்தது, தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் நோயாளிகளைச் சுட்டது, அப்புறம் லண்டன் ஆம்புலன்ஸ். எங்கள் வாத்தியார் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். "1992 அக்டோபர் 26-ஆம் தேதி சரியா டெஸ்ட் பண்ணாம ஒரு சிஸ்டத்தை லைவ் விட்டாங்க, படுத்துடுச்சு, ஆகவே டெஸ்டிங் முக்கியம்." எட்டு மார்க் கேள்வி. நானும் மூன்று தடவை அதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன் (மூன்று தடவை ஏன் என்று கேட்கப்படாது :-)).

பல வருடம் கழித்து, வேலையில் பெஞ்சில் உட்கார வைத்திருந்த ஒரு மாதத்தில், பொழுது போகாமல் அந்தச் சம்பவத்தைப் பற்றிய விசாரணை அறிக்கையை முழுசாகப் படித்தேன். 1993 பிப்ரவரியில் வந்தது. உள்ளே முழுக்க நிரலும் சர்வரும்தான் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் பாதிக்கு மேல் மனுஷங்க. நிர்வாகத்தை ஊழியர்கள் நம்பவில்லை, ஊழியர்களை நிர்வாகம் நம்பவில்லை, இரண்டு பேரையும் கேட்காமல் ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், 1989-90-ல் ஆறு மாதம் நடந்த ஒரு தொழில் தகராறில் போய் நிற்கிறது. அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்ன முன்கதை.

பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை (சுருக்கமாக என்.எச்.எஸ்.) 1948 ஜூலையில் தொடங்கியபோது ஆம்புலன்ஸ் அதற்குள் நேரடியாக வரவில்லை. ஓட்டும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் இருந்தது. நம்ம ஊர்க் கணக்கில் மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம் மாதிரி. வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், முதலுதவி தெரிந்தால் நல்லது, தூக்கிப் போட உடம்பில் பலம் வேண்டும். வேலை அவ்வளவுதான் என்று பார்க்கப்பட்டது. 1960-களின் நடுவில் ஒரு அரசுக் குழு உட்கார்ந்து, இவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று சொன்னது. 1974-ல் ஆம்புலன்ஸ் என்.எச்.எஸ்.ஸுக்குள் போனது. அதாவது தீயணைப்புக்காரர்கள் உள்ளாட்சியிலேயே இருக்க, ஆம்புலன்ஸ்காரர்கள் மட்டும் ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஆனார்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பின்னால் வந்த சண்டையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

எப்படி என்றால், 1977-78 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் தீயணைப்பு வீரர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். முடிவில் அவர்களுக்கு ஒரு 'பார்முலா' கிடைத்தது. உடல் உழைப்பு வேலை பார்க்கும் ஆண்களில் மேல்தட்டுச் சம்பளக்காரர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ அதோடு இவர்கள் சம்பளம் கட்டப்பட்டது. வருடா வருடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, தானாக ஏறும். போலீசுக்கும் 1978-ல் அதே மாதிரி ஓர் ஏற்பாடு வந்தது. ஒரு விபத்து நடந்தால் மூன்று வண்டிகள் வரும். அதில் இரண்டு வண்டிக்காரர்களுக்கு பார்முலா இருக்கிறது, மூன்றாவது வண்டிக்காரருக்கு இல்லை. ரோட்டில் ரத்தத்துக்கு நடுவே மூன்று பேரும் தோளோடு தோள் நின்று வேலை பார்க்கிறார்கள், சம்பளப் பேச்சு என்று வரும்போது மட்டும் ஒருவன் ஆஸ்பத்திரி கடைநிலை ஊழியன் வரிசையில் நிற்கிறான். யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதற்கிடையே 1979 ஜனவரி. பிரிட்டிஷ் அரசியலில் 'அதிருப்தியின் குளிர்காலம்' என்று சொல்வார்களே, அப்போது ஆம்புலன்ஸ்காரர்களும் இறங்கினார்கள். லண்டன், கார்டிப், கிளாஸ்கோ மாதிரிச் சில இடங்களில் 999 அவசர அழைப்புக்குக்கூடப் போக மாட்டோம் என்றார்கள். ராணுவம் வந்து வண்டி ஓட்டியது. மக்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகைகள் பிய்த்து எறிந்தன. அந்த மே மாதத் தேர்தலில் தாட்சர் அம்மையார் ஜெயித்து வந்ததற்கு அந்தக் குளிர்காலம் ஒரு முக்கியக் காரணம். சங்கக்காரர்களுக்கு இது மறக்க முடியாத பாடம். பத்து வருஷம் கழித்து அவர்கள் போட்ட திட்டம் முழுவதும் இந்தப் பாடத்தின் மேல் கட்டியதுதான்.

இப்போது 1989-க்கு வருவோம்.

அந்த வருடம் பிரிட்டனில் விலைவாசி ஏற்றம் 7 சதவீதத்துக்கு மேல். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குச் சொல்லப்பட்ட சம்பள உயர்வு 6.5 சதவீதம். கணக்குப் பார்த்தால் உயர்வே இல்லை, இறக்கம். சங்கங்கள் கேட்டது 11.4 சதவீதம், அதோடு தீயணைப்புக்காரர்களுக்கு இருப்பது மாதிரி ஒரு பார்முலா. நாடு முழுக்கச் சுமார் 22,000 பேர். ஐந்து சங்கங்கள். அவர்கள் எல்லாருக்குமாகப் பேசியவர் நூப்பே என்ற பொதுத்துறை ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த ரோஜர் பூல். எதிர்ப்பக்கம் சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க்.

செப்டம்பர் நடுவில் அவர்கள் தொடங்கிய போராட்டம் என்ன தெரியுமா? ஸ்டிரைக் இல்லை. 'ஓ.டி. பார்க்க மாட்டோம்.' அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த, ரொம்ப உறுத்திய இடம் இதுதான். ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரம் என்று இருக்கிறதோ அத்தனை மணி நேரம் ஒழுங்காக வந்து வேலை பார்க்கிறோம், அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் போராட்டம். ஒரு நிறுவனம் ஒழுங்காக ஆள் போட்டு நடத்தப்பட்டிருந்தால், இப்படி ஒரு போராட்டம் நடப்பது வெளியே தெரியவே கூடாது. ஆனால் சில வாரங்களிலேயே டியூட்டி சார்ட்டில் ஓட்டை ஓட்டையாக விழ ஆரம்பித்தது. அப்படியானால் அதுவரை அந்தச் சேவை எதன் மேல் ஓடிக்கொண்டிருந்தது? லீவு நாளில் கூப்பிட்டால் வருகிறவன் மேல். நைட் ஷிப்ட் முடித்தும் இன்னொரு நாலு மணி நேரம் நிற்கிறவன் மேல்.

ஆம்புலன்ஸ் ஷிப்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆபீஸ் மாதிரி ஆறு மணி ஆனதும் பொட்டியை அணைத்துவிட்டுப் போக முடியாது. ஷிப்ட் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஓர் அழைப்பு வரும். போய்த்தான் ஆக வேண்டும். ஆளை எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வண்டியைக் கழுவி, ஸ்டேஷன் திரும்ப ரெண்டு மணி நேரம் ஆகிவிடும். சாப்பாட்டு இடைவேளையும் அப்படித்தான். தட்டைத் திறந்தால் மணி அடிக்கும். இதையெல்லாம் எந்த அட்டவணையாலும் முழுசாகச் சரி பண்ண முடியாது. கூடுதல் ஆள் இருந்தால் மட்டும் கொஞ்சம் தாங்கும். கூடுதல் ஆளுக்குப் பதில் ஓ.டி. கொடுத்தே காலம் தள்ளினால், எல்லாருக்கும் அது பழகிவிடும். நிர்வாகத்துக்குச் சிக்கனம், ஊழியனுக்கு மாசக் கடைசியில் நாலு காசு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், ஒருநாள் யாராவது 'போதும்ப்பா' என்று சொல்லும்வரை.

2011-ல் எங்கள் அப்பாவுக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தபோது 108-ஐக் கூப்பிட்டோம். தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். வண்டி வந்தது, அப்பா பிழைத்தார், நல்லபடியாக இருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி ஓட்டி வந்த தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டு மணிவரை, பன்னிரண்டு மணி நேரம் என்றார். "ரிலீவ் பண்ண ஆள் வரலைன்னா?" என்று கேட்டேன். "வண்டியை ரோட்டுல விட்டுட்டா சார் போக முடியும்?" என்றார். அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தத் தம்பியின் முகம்தான்.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம்.

ஓ.டி. தடைக்கு அரசு அசையவில்லை. அக்டோபரில் விதிப்படி வேலை என்று அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அவசர அழைப்பு என்றால் வருவோம், மற்ற வேலைகளில் இது இது செய்ய மாட்டோம் என்று ஒரு கோடு போட்டார்கள். நவம்பர் தொடக்கத்தில் லண்டனில் நிர்வாகம் பதிலடி கொடுத்தது. முழு வேலையும் செய்தால்தான் சம்பளம், பாதி வேலைக்குப் பாதிச் சம்பளமெல்லாம் கிடையாது. ராணுவ ஆம்புலன்ஸ்களும் போலீஸ் வண்டிகளும் லண்டன் தெருவில் நோயாளிகளை ஏற்ற ஆரம்பித்தன.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று நான் ரொம்பத் தேடினேன். இருக்கிறது. அதே 1989-ல் லண்டன் உள்ளாட்சி ஒன்றின் ஊழியர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவர் மற்ற எல்லா வேலையும் பார்த்தார், கவுன்சிலர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுத மாட்டேன் என்று போராட்டத்தில் இருந்தார். பாதி வேலை எங்களுக்கு வேண்டாம் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டால், பார்த்த வேலைக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்றது கோர்ட். படிக்கும்போது நம்ப முடியவில்லை. ஆனால் அதுதான் சட்டம்.

ஆம்புலன்ஸ்காரர்கள் இதற்குப் பண்ணின காரியம் தான் அவர்களை வரலாற்றில் நிறுத்தியது. பல ஊர்களில் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வரவில்லையா, பரவாயில்லை என்று தங்கள் ஸ்டேஷன் போன் நம்பரை அக்கம்பக்கத்து ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். நேராகக் கூப்பிடுங்கள், வருகிறோம். சம்பளம் கிடையாது. தெருமுனையில் பிளாஸ்டிக் வாளியோடு நின்று காசு சேர்த்தார்கள். ஜனங்களும் போட்டார்கள். சில்லறை இல்லை, நோட்டாகவே போட்டார்கள். 1979-ல் இவர்களைத் திட்டிய அதே ஜனங்கள்!

ஏன் மாறினார்கள்? 1979-ல் போகாமல் இருந்தார்கள், 1989-ல் போனார்கள். ஒரு காரணம் இது. இன்னொன்று, அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் பிரிட்டனில் அடுத்தடுத்துப் பெரிய விபத்துகள். 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீ, 31 பேர் சாவு. 1988 டிசம்பரில் கிளாப்பம் ரயில் மோதல், 35 பேர் சாவு. ஒவ்வொரு தடவையும் டிவியில் இந்தச் சீருடைக்காரர்களைத்தான் பார்த்தார்கள். போதாக்குறைக்கு ரோஜர் பூல். சங்கத் தலைவர் என்றால் மேசையைத் தட்டிக் கத்துவார் என்று எதிர்பார்த்த ஜனங்களுக்கு, அமைதியாக, கணக்கோடு பேசும் ஒரு மனுஷர் தினமும் டிவியில் வந்தார்.

1989 டிசம்பரில் நாற்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்துள்ள மனு ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனது. நாற்பது லட்சம்! இணையம் கிடையாது, க்ளிக் பண்ணி அனுப்ப முடியாது. ஒவ்வொருவரும் நடுங்கும் குளிரில் பேனா பிடித்துப் போட்ட கையெழுத்து.

இதற்கு நடுவில்தான் கிளார்க் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆம்புலன்ஸ் ஊழியர்களில் பெரும்பாலோர் தொழில்முறை டிரைவர்கள், மதிப்புள்ள வேலைதான், ஆனால் தனிச்சிறப்பான வேலை ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம்.

நியாயமாகப் பார்த்தால் அமைச்சரின் கணக்கு முழுப்பொய் இல்லை. அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ் பயணங்களில் பத்தில் ஒன்பது அவசரமில்லாதவை. டயாலிசிஸுக்குப் போகும் தாத்தா, பிசியோதெரபிக்குப் போகும் பாட்டி, இவர்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதுதான். மேம்பட்ட பாராமெடிக் பயிற்சி பெற்றவர்களும் அப்போது சிறுபான்மைதான். ஆனால் பயிற்சி தர வேண்டியது யார்? ஒருவனுக்குப் பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, உனக்குப் பயிற்சி இல்லை, ஆகவே நீ டிரைவர்தான் என்றால் எப்படி? அதைவிட, அந்த 'அவசரமில்லாத' தாத்தாவை மூன்றாவது மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்குவது டிரைவர் வேலையா என்றும் யாராவது கேட்டிருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தை பண்ணின வேலையைப் பத்து மேடைப் பேச்சால் பண்ண முடியாது. காசுக்கான சண்டை, மானத்துக்கான சண்டையாக மாறிவிட்டது. (நம்ம 108-ல் வண்டி ஓட்டுபவரை 'பைலட்' என்றுதான் சொல்ல வேண்டும், டிரைவர் என்று சொல்லக்கூடாது. முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிளார்க் கதையைப் படித்த பிறகு வரவில்லை. ஆனால் பேரை மட்டும் மாற்றினால் ஷிப்ட் குறையுமா என்பது வேறு விஷயம்.)

இந்தப் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் 999-ஐப் பற்றியே பேசினார்கள். ஆனால் இந்த ஆறு மாதத்தில் நிஜமாகவே அதிகம் அவதிப்பட்டது அந்த டயாலிசிஸ் தாத்தாக்களும் பிசியோதெரபிப் பாட்டிகளும்தான். அவர்களைப் பற்றி எந்தப் பக்கமும் அதிகம் அலட்டிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. டிவியில் காட்டினால் எடுப்பாக இருக்காது இல்லையா.

1990 ஜனவரியில் டிரபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. ஜனவரி 30-ஆம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கால் மணி நேரம் ஆதரவு காட்டுங்கள் என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பான டி.யு.சி. நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. கால் மணி நேரம்தானா என்று சிரிக்காதீர்கள். அடுத்தவன் சண்டைக்காக நீ வேலையை நிறுத்தினால் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று தாட்சர் அரசு 1980-லிருந்தே சட்டங்களை இறுக்கிக்கொண்டு வந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் போராடி 1985-ல் தோற்றுத் திரும்பியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அந்தப் பயத்துக்கு நடுவே அந்தக் கால் மணி நேரமே பெரிசு.

அப்படியும் அரசு ஏன் இத்தனை மாதம் இழுத்தடிக்க முடிந்தது? ஆம்புலன்ஸ்காரர்களின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். உயிர் போகும் இடத்துக்கு அவர்கள் கண்டிப்பாகப் போவார்கள் என்று ஜனங்களுக்குத் தெரியும், அதனால் வாளியில் நோட்டு விழுந்தது. அதே விஷயம் கிளார்க்குக்கும் தெரியும், அதனால் அவருக்கு அவசரம் இல்லை. நடுவில் சில இடங்களில் ஊழியர்கள் பொறுமை இழந்து, முழு ஸ்டிரைக் போவோம் என்று துடித்தார்கள். தலைமை கையைப் பிடித்து நிறுத்தியது. தலைமை பயந்துவிட்டது என்று இன்றும் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு ஸ்டிரைக் போயிருந்தால் இரண்டாம் நாளே ஒரு குழந்தையின் படம் முதல் பக்கத்தில் வந்திருக்கும், கதை 1979-க்குத் திரும்பியிருக்கும். ஆனால் நிறுத்தியதற்கும் ஒரு விலை இருந்தது.

1990 பிப்ரவரி கடைசியில் உடன்பாடு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தமாக 17.6 சதவீதம். பாராமெடிக் பயிற்சி பெற்றவர்களுக்குத் தனியாகக் கூடுதல் தொகை. பூல் இதைப் பெரிய வெற்றி என்றார், அரசின் சம்பளக் கட்டுப்பாட்டில் வண்டியே போகிற அளவு ஓட்டை போட்டுவிட்டோம் என்கிற தொனியில் பேசினார். கிளார்க்கும் ஜெயித்த மாதிரியே பேசினார். இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருந்தது. காசு கிடைத்தது. 6.5-லிருந்து இவ்வளவு தூரம் ஏற்றியது தாட்சர் காலத்தில் சாதாரணம் இல்லை. ஆனால் எதற்காகத் தொடங்கினார்களோ அந்த பார்முலா கிடைக்கவில்லை. மூன்றாவது வண்டி மூன்றாவது வண்டியாகவே நின்றது. மார்ச்சில் உறுப்பினர்கள் பெரும்பான்மையாக ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஆறு மாதக் கடன் எல்லார் வீட்டிலும் இருந்தது.

இப்போது அந்த எட்டு மார்க் கேள்விக்கு வருகிறேன்.

வேலைக்குத் திரும்பிய லண்டன்காரர்களும், அவர்கள் சம்பளத்தை நிறுத்திய அதே லண்டன் நிர்வாகமும் ஒரே கட்டிடத்தில் இருந்தார்கள். லண்டன் சேவைக்கு அப்போது ஒரு நாளைக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள். கட்டுப்பாட்டு அறையில் எல்லாம் காகிதம். போன் எடுப்பவர் தாளில் எழுதுவார், அது கன்வேயர் பெல்ட்டில் போகும், அடுத்தவர் எந்த வண்டி என்று முடிவு செய்வார். அழைப்பு வந்து மூன்று நிமிடத்துக்குள் வண்டிக்குத் தகவல் போயாக வேண்டும் என்பது விதி. கணினி வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு முன்பே 75 லட்சம் பவுண்டு செலவழித்து ஒரு திட்டத்தை 1990 இலையுதிர் காலத்தில் குப்பையில் போட்டிருந்தார்கள். அதாவது போராட்டம் முடிந்த அதே வருடம்.

அடுத்து வந்த சிஸ்டம்தான் 1992-ல் படுத்தது. அதன் நோக்கத்தைப் பாருங்கள். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று மனுஷன் முடிவு செய்ய வேண்டாம், கணினியே பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊழியர்களின் 'பழைய பழக்கவழக்கங்களை' உடைக்க இதுதான் வழி என்றும் நிர்வாகம் நினைத்தது. நாலு வருஷமாக ஒரு பேட்டையில் ஓட்டி, எந்தச் சந்தில் எந்த வீடு என்று தெரிந்தவனை, பக்கத்தில் இருக்கிறாய் என்பதற்காக அடுத்தடுத்த பேட்டைக்கு அனுப்பிக்கொண்டே போகும். நாள் போகப்போகத் தன் ஸ்டேஷனிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டே இருப்பான். ஷிப்ட் முடியும்போது ஊரின் மறுகோடியில் இருப்பான். திரும்பி வர ஒரு மணி நேரம். இதை யோசித்துப் பார்க்க அந்த ஊழியனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் அவன் சம்பளத்தை நிறுத்தியிருக்கிறோம், இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அக்டோபர் 26, திங்கட்கிழமை. வண்டியில் இருந்த சின்னத் திரையில் ஊழியர்கள் பட்டனைச் சரியான வரிசையில் அழுத்தவில்லை, அல்லது அழுத்தியும் தகவல் போய்ச் சேரவில்லை. எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாமல் போனது. ஒரே விபத்துக்கு இரண்டு வண்டி போயிற்று, இன்னொரு வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட, வரிசை நீண்டது. எச்சரிக்கைச் செய்திகள் திரையின் மேல் விளிம்பைத் தாண்டி ஓடி மறைந்தன. மறுநாள் மத்தியானம் பாதிக் கைவேலைக்குத் திரும்பினார்கள். அதற்கடுத்த நாள் தலைமை நிர்வாகி ராஜினாமா செய்தார். நவம்பர் 4 அதிகாலையில் மிச்சமும் நின்றுவிட்டது. ஒரு நிரலாளர் மூன்று வாரம் முன்பு எழுதிய சின்னத் துண்டு நிரல் கொஞ்சம் கொஞ்சமாக நினைவகத்தைத் தின்றுகொண்டிருந்தது என்று கண்டுபிடித்தார்கள். எங்கள் வாத்தியார் சொன்னது இந்தக் கடைசி வரியை மட்டும்தான்.

பட்டனை வேண்டுமென்றே தப்பாக அழுத்தினார்களா என்று நிர்வாகத்தில் சிலர் சந்தேகப்பட்டார்கள். பயிற்சி போதாது, வண்டிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ரேடியோ தொடர்பு சரியில்லை, ஆகவே வேண்டுமென்று செய்யத் தேவையே இல்லை, தானாகவே தப்பு நடந்திருக்கும் என்பது அறிக்கையைப் படித்து எனக்குப் பட்டது. ஆனால் அந்தச் சந்தேகம் எழுந்ததே பெரிய சேதி.

அப்புறம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2003-லிருந்து பாராமெடிக் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். 2022 டிசம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் மறுபடி இறங்கினார்கள். அப்போதும் உயிருக்கு ஆபத்தான அழைப்புகளை விடவில்லை, அப்போதும் ராணுவத்தினர் வந்து வண்டி ஓட்டினார்கள்.

கொசுறு: லண்டனில் 1992-க்குப் பிறகு கணினியே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. 1996 ஜனவரியில் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வெளியே வாங்காமல் உள்ளேயே எழுதினார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர்களைக் கேட்டுக் கேட்டு, முதலில் அழைப்பை எழுதி முகவரியைத் தேடும் வேலையை மட்டும் கொடுத்து, அது பழகிய பிறகு அடுத்ததைச் சேர்த்தார்கள். வண்டியை ஒதுக்கும் முடிவை மனுஷன் கையிலேயே விட்டார்கள். அது ஓடியது. 1997-ல் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டி அதற்கு விருதுகூடக் கொடுத்தது. எங்கள் சிலபஸில் அது இல்லை.